கருங்கல்லும் துளைக்கருவியும்

திருப்பணி நடைபெறும் கோயில்களில் கல்லைத் துளைக்கும் ஓசை கேளாத நாளில்லை. விளக்குக்கு ஒரு துளை, ஒலிபெருக்கிக்கு ஒரு துளை, உபயதாரர் பெயர்ப்பலகைக்கு நான்கு துளை. எக்கருவியால், எவ்விடத்தில், எம்முறையால் துளைப்பது என்பது நம் முன்னோர் நன்கு ஆய்ந்த பொருளாதலின் ஈண்டுச் சிறிது கூறுவாம்.

விழுப்புரம் மாவட்டத்து மண்டகப்பட்டில், கி.பி. 7-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆண்ட முதலாம் மகேந்திரவர்மன், செங்கல், மரம், உலோகம், சுண்ணம் என்னும் நான்குமின்றி அயன், அரி, அரன் மூவர்க்கும் கோயில் எடுத்ததாக வடமொழிக் கல்வெட்டிற் கூறுகின்றான். அப்பரடிகளாற் சைவம் சார்ந்த பல்லவன் இவனே என்று அறிஞர் பலர் கொள்வர். கோயிலில் இரும்பில்லை, ஆயின் அதனைக் குடைந்தது இரும்புளியே. மாமல்லபுரத்தில் முற்றுப்பெறாது நிற்கும் குடைவரைகளை நோக்குவார்க்கு முறை விளங்கும். பாறை முகத்தைச் சதுரங்களாக வகுத்து, இடையே ஆழ்ந்த பள்ளம் வெட்டி, எஞ்சி நின்ற மேட்டைத் தட்டி எடுத்தனர். பாறையைப் பிளக்க வேண்டிய இடத்திலோ வரிசையாகக் குழி தோண்டி ஆப்பிறுக்கினர். அக்குழிவரிசைகளை இன்றும் ஆங்குக் காணலாம்.

கருங்கல்லிலுள்ள பளிங்கு மணிகள் எஃகின் கூரை விரைவில் மழுக்கும். ஆதலின் கற்றச்சர்க்கு அருகிலேயே உலைக்களம் வேண்டும். உளியைக் காய்ச்சி, அடித்துக் கூராக்கி, தோய்ச்சல் கொடுப்பர். தோய்ச்சல் மிகின் நுனி ஒடியும், குறையின் வளையும். பண்டை எகிப்தியர் செப்புக்குழாயைச் சுழற்றி, அடியில் மணலிட்டுக் கருங்கல்லைத் துளைத்தனர். அறுத்தது செம்பன்று, மணல். இக்காலத்து வைரத்துகள் பதித்த குழாய்த் துளைப்பானும் அந்நெறியினதே.

நம் கவரைப்பேட்டைப் பக்கம் ஆற்றுவண்டல் நிலம், மலையில்லை. கோயிற்கல் வெளியூரினின்றும் வருதல் வேண்டும். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டை அருகிருத்தலின் மின்கருவிக்குக் குறைவில்லை. ஆனால் கைக்குக் கிட்டியதெல்லாம் தகுமோ? அடித்துச் சுழலும் துளைப்பான் புதுக்கல்லுக்கும் கான்கிரீட்டுக்கும் ஆகும். பழைய செங்கல்லும் சுண்ணச்சாந்துமான விமானத்தில் அதனை ஓட்டினால் சாந்தின் பிடி தளர்ந்து சுதையுருவம் பெயரும். ஆங்கு அடியை நிறுத்திச் சுழற்சியால் மட்டும் மெல்லத் துளைத்தல் வேண்டும். பழந்தூணைத் துளைத்தே ஆகவேண்டுமெனின், நீர் வார்த்து இயக்கும் குழாய்த் துளைப்பானே அதிர்வு குறைந்தது. எனினும் கல்லை விடுத்து, இரு கல்லின் இடைச்சந்தில் ஆணி இறுக்குதல் அதனினும் நன்று. அவ்வாணியும் துருவேறா எஃகாதல் வேண்டும். வெறும் இரும்பு துருவேறிப் பருத்துக் கல்லைப் பிளந்துவிடும்.

இவற்றினும் கொடிது கல்வெட்டெழுத்தின்மேல் துளையிடுதல். நிலம் அளித்தான் ஒருவன் பெயரின் நடுவே மின்விசிறிக்கிட்ட துளையை ஓரூரிற் கண்டு மனம் வருந்தினேன். திருமழபாடியில் முதலாம் இராசராசன் தன் 28-ஆம் ஆட்சியாண்டில் பழைய கருவறையைப் பிரித்துப் புதுக்க ஆணையிட்டபொழுது, சுவரிலிருந்த கல்வெட்டுகளை முன்னர்ப் புத்தகத்திற் படியெடுக்கப் பணித்தான். இராசேந்திரன் காலத்தில் அவை புதுச்சுவரில் மீண்டும் வெட்டப்பெற்றன. திருப்பணிக் குழுவினரும் கருவியைக் கையிலெடுக்குமுன், சுண்ணாம்புப் பூச்சின்கீழ் எழுத்துளதா எனத் தடவிப் பார்த்து, உளதாயின் கல்வெட்டறிந்தாரை அழைத்துப் படியெடுத்தல் வேண்டும். பெயர்ப்பலகைக்கு மதிலோரம் தனிக்கல் ஒன்று நாட்டலாம்.