மனச்சோர்வும் உதவி நாடும் காலமும்: சங்கரன்கோவிலை முன்வைத்து

மனச்சோர்வு பெரும்பாலும் பிறருக்குத் தொந்தரவு தராத நோய். அதனாலேயே அது வீட்டார் கண்ணில் நோயாகப் படுவதில்லை. இதை ஆராயச் சங்கரன்கோவில் பொருத்தமான ஊர். இங்குள்ள சங்கரநாராயணர் கோயிலில் கோமதி அம்மன் சந்நிதிக்கு முன் ஸ்ரீசக்கரம் பதித்த குழி ஒன்று உண்டு. சித்தம் கலங்கியவர்களையும் பேய் பிடித்ததாகக் கருதப்படுபவர்களையும் அதில் உட்காரவைத்து அம்மனை வேண்டினால் குணமாகும் என்பது நெடுங்கால நம்பிக்கை. மனம் நோயுற்றால் உதவி தேட வேண்டும் என்ற எண்ணம் இவ்வூருக்குப் புதிதன்று. ஆனால் எந்த நிலையை உதவிக்குரியதாக ஊர் கருதுகிறது என்பதே கேள்வி. கத்துபவரையும் வீட்டைவிட்டு ஓடுபவரையும் தனக்குத்தானே பேசுபவரையும் உறவினர் அழைத்து வருவர். விடியுமுன் விழித்து, பசி குன்றி, பேச்சு ஒடுங்கி, ஆனாலும் விசைத்தறிக்கு நேரத்துக்குப் போய்வரும் ஒருவரை அவ்வாறு அழைத்து வர யாருக்கும் தோன்றுவதில்லை.

கோயில் தரும் ஆறுதலை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. தமிழ்நாட்டின் முத்துசுவாமி கோயில் ஒன்றில் தங்கியிருந்த 31 பேரை ஆர். ரகுராம் குழுவினர் ஆராய்ந்து, 2002இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் முடிவுகளை வெளியிட்டனர். நோய்க்குறிகளின் அளவு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது. அச்சுறுத்தாத, ஆதரவான புகலிடம் கிடைத்ததே காரணமாகலாம் என்பது அவர்கள் கருத்து. ஆனால் அந்த 31 பேரில் பெரும்பாலோர் மனச்சிதைவு நோயாளிகள். மனச்சோர்வு உள்ளவர்களுக்குக் கோயில்வாசம் என்ன செய்யும் என்பதற்கு அந்த ஆய்வு விடை தராது. புகலிடங்கள் எல்லாம் ஆதரவானவையும் அல்ல. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநோயாளர் காப்பகம் ஒன்றில் தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் தப்ப வழியின்றி மாண்டனர்.

மனச்சோர்வுக்கு மருத்துவம் வகுத்துள்ள வரையறை தெளிவானது. நாளின் பெரும்பகுதியும் வாட்டம், அல்லது முன்பு பிடித்தவற்றில் நாட்டமின்மை: இவற்றுள் ஒன்றேனும் இரண்டு வாரங்கள் விடாமல் இருக்க வேண்டும். தூக்கக் குலைவு, பசி மாற்றம், அசதி, கவனச் சிதறல், காரணமற்ற குற்றவுணர்வு, சாவைப் பற்றிய எண்ணம் ஆகியவற்றுள் சிலவும் உடன் சேரும். நம் ஊர்களில் இந்நோய் உடம்பின் வழியாகவே முதலில் பேசுகிறது. தலைக் கிறுகிறுப்பு, நெஞ்சுப் பாரம், கை கால் எரிச்சல், ஓயாத உடம்புவலி என்று வருபவர் சத்து ஊசியும் குளுக்கோஸும் ஏற்றிக்கொண்டு திரும்புகிறார். இதே ரகுராம் குழு பெங்களூரில் செய்து 1996இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஒரு விளக்கம் தருகிறது: மனக்குறையைச் சொன்னால் இழுக்கு நேரும், உடற்குறைக்கு அந்த இழுக்கு இல்லை. உடற்குறையை அலட்சியப்படுத்துவதும் தவறு. இரத்தசோகையும் தைராய்டுக் குறைபாடும் இதே சாயலில் வருவதால் இரத்தப் பரிசோதனை அவசியம்.

பரம்பரை, இழப்பு, கடன், வன்முறை, மது, பிரசவம் எனக் காரணங்கள் பல ஒன்றோடொன்று பின்னியிருக்கும். மனவலிமை இல்லாமையே காரணம் என்ற பேச்சுக்கு ஆதாரம் இல்லை. நோயாளியின் குற்றவுணர்வைத்தான் அது கூட்டுகிறது.

உதவி நாடும் காலத்தைத் தீர்மானிக்க மேற்சொன்ன இரண்டு வாரமே போதிய அளவுகோல். வேலையோ தூக்கமோ உணவோ அத்தனை நாள் கெட்டால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஆனால் சாக வேண்டும் என்ற பேச்சு, உணவை அடியோடு மறுத்தல், இல்லாத குரல் கேட்டல், பிள்ளை பெற்ற தாய் குழந்தையைக் கண்டு அஞ்சுதல் ஆகியவற்றில் ஒரு நாளும் பொறுக்கக் கூடாது. அம்மனை வேண்டிக்கொண்டே மருந்தும் சாப்பிடலாம், கெடுதல் தாமதத்தில்தான். 2015–16 தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி மனச்சோர்வு உள்ளவர்களில் ஏறத்தாழ 85 விழுக்காட்டினர் சிகிச்சை பெறவில்லை.

சிகிச்சை உண்டு, பலனும் உண்டு. மாத்திரைகள் வேலைசெய்யத் தொடங்க இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். குணம் தெரிந்த பிறகும் ஆறு மாதமேனும் தொடர வேண்டும். பலர் முதல் வாரத்திலேயே நிறுத்திவிடுவது வருந்தத்தக்கது. மருந்து மட்டுமே வழியும் அன்று. கோவாவில் பயிற்சி பெற்ற உள்ளூர்வாசிகள், மருத்துவர்களாக இல்லாதபோதும், சில அமர்வுகளில் அளித்த உளவியல் ஆலோசனை கடுமையான மனச்சோர்வையும் தணித்ததாக 2017இல் லான்செட் இதழில் வெளியான ஆய்வு காட்டியது. திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவு சங்கரன்கோவிலிலிருந்து பேருந்துத் தொலைவில்தான் இருக்கிறது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதச் சொல்வதால், வழக்குக்கு அஞ்சி மறைக்கவும் தேவையில்லை. டெலி மானஸ் என்னும் தொலைபேசி மனநலச் சேவையின் 14416 எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம்.

வாட்டம் உண்டா, நாட்டம் குறைந்ததா என்ற இரண்டே கேள்விகள் முதற்கட்டச் சோதனைக்குப் போதும். தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 முதல் சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் வீட்டு வாசலில் வந்து பார்க்கிறது. அத்திட்டத்தின் ஊழியர்களும், இவ்வூர்க் கோயிலின் ஆடித் தபசுத் திருவிழாக்கால மருத்துவ முகாம்களும் இவ்விரு கேள்விகளையும் தவறாமல் கேட்க மாவட்ட நிர்வாகம் ஆவன செய்ய வேண்டும்.