நோவும் தூரிகையும்

நெடுந்தீவிலிருந்து தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலைக்குச் செல்லும் நோயாளர் முதலிற் கடலைக் கடத்தல் வேண்டும். குறிகட்டுவான் இறங்குதுறையிற் படகை விட்டிறங்கி, புங்குடுதீவையும் வேலணையையும் தாம்போதிகளாற் கடந்து யாழ்ப்பாணம் வந்து, பின்னர் வடக்கே திரும்பல் வேண்டும். முன்னாளிற் பலருக்கு இவ்வழி மகரகம வரை நீண்டிருந்தது. 2011ஆம் ஆண்டிலே தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை 27 நாட்கள் நடந்தோர் திரட்டிய நிதியே தெல்லிப்பழை வைத்தியசாலை எழுதற்குத் துணையாயிற்று.

சிகிச்சை முடிந்து நோய் நீங்கிய பின்னரும், நோவு சிலருடன் அதே படகில் வீடு வந்து சேருகின்றது. மார்பகத்தை அறுத்தெடுத்த பெண்ணுக்கு அக்குளிலும் மேற்கையிலும் எரிவு. சில மருந்துகள் நரம்பைத் தாக்கியமையால் விரல்நுனிகளில் விறைப்பு. பனையோலையிற் பெட்டி இழைத்து வாழ்ந்த கைக்கு இது சிறு குறையன்று. வெளியே காயம் தெரியாமையால் அயலார் அந்நோவை எளிதில் நம்புவதுமில்லை.

இத்தகைய நோவுக்குக் கலை துணையாகும் என்னும் எண்ணம் பிறந்ததும் ஒரு நோய்ப் படுக்கையிலேதான். முதலாம் உலகப் போர்க்களங்களை வரைந்த ஆங்கில ஓவியர் ஏட்ரியன் ஹில், 1938இல் சயரோகத்தினால் மிட்ஹேர்ஸ்ட் ஆரோக்கியசாலையிற் கிடந்தார். பொழுது போகாமற் படுக்கையருகே இருந்த பொருள்களை வரையத் தொடங்கியவர், பின்னர் உடனிருந்த நோயாளருக்கும் கற்பித்தார். ‘கலைச் சிகிச்சை’ என்னும் பெயரை 1942இல் வழங்கியவரும் அவரே. 1967இல் இலண்டனிற் புனித கிறிஸ்தோபர் நல்வாழ்வகத்தை நிறுவிய சிசிலி சாண்டர்ஸ் அம்மையார், புற்றுநோயாளரின் நோவு உடலுக்கு மாத்திரம் உரியதன்று. மனமும் குடும்பமும் நம்பிக்கையும் அதிற் கலந்துள்ளன என்று காட்டினார்.

நோவுக்கு உருக்கொடுத்தல் தமிழருக்கும் புதிதன்று. கண்ணுக்கும் காலுக்கும் வெள்ளியில் உருச்செய்து கோயில்களிற் காணிக்கையிட்டனர். அதனைக் கலைச் சிகிச்சை என்று பெருமை பேசுதல் மிகையே; ஆயினும், நோவுற்ற உறுப்பு உடலின் வேறாய்க் கண்முன்னே நிற்றல் இரண்டிற்கும் பொது. எரிவு எவ்விடத்தது, எந்நிறத்தது எனத் தாளிலே தீட்டிக் காட்டும் பெண், சொல்லாற் சொல்ல இயலாததை வைத்தியருக்கு உணர்த்துகின்றாள். விறைத்த விரலுக்குத் தடித்த தூரிகையோ களிமண்ணோ ஏற்றது. படம் அழகாயிருத்தல் வேண்டுமென்பதில்லை.

பயன் எத்துணை? சிக்காகோவில் 50 புற்றுநோயாளரிடை நிகழ்ந்து 2006இல் வெளியான ஆய்வில், ஒரு மணி நேரக் கலைப் பயிற்சியின் பின் நோவும் களைப்பும் கவலையும் தணிந்தமை காணப்பட்டது. ஆயினும் அவர்கள் வைத்தியசாலையிற் தங்கியிருந்தோர். ஒப்பிடுதற்கு வேறு குழுவும் இல்லை. ஆண்டுக்கணக்கில் நீடிக்கும் நோவுக்கு இதனைக் கொண்டு உறுதி கூறல் ஆகாது. தூரிகை மருந்தின் துணையேயன்றி மாற்றன்று. நோவு புதிதாய் எழுந்தாலும் நாளுக்கு நாள் மிகுந்தாலும், வண்ணப் பெட்டியை மூடி வைத்துவிட்டுப் படகேறுதலே முறை. நோய் திரும்பியிருத்தலுங் கூடும்.