தொழிலின் பெயரால் அழைக்கப்பட்ட இமாம்கள்

 

மங்கலம்பேட்டையில் வாழும் நமக்கு விருத்தாசலத்துப் பீங்கான் தொழில் புதிதன்று. களிமண் குழைந்து, அச்சில் உருப்பெற்று, சூளையில் வெந்து, அகல் விளக்காகவும் பொம்மையாகவும் வெளிவருகின்றது. ஆயினும் நம் இல்லங்களில் மணமகன் தேடும் வேளையில், "மாப்பிள்ளைக்கு என்ன வேலை?" என்னும் வினாவுக்குக் கைத்தொழில் என்று விடை வந்தால், கேட்பவர் முகம் சற்றே வாடிவிடுகின்றது. உழைப்பவரும் தம் தொழிலைச் சொல்லக் கூசுகின்றார். நாள் முழுதும் கூச்சத்தோடு செய்யும் வேலையில் மகிழ்ச்சி எங்ஙனம் பிறக்கும்? இவ்வினாவுக்கு நம் வரலாற்றில் தெளிவான விடை உண்டு.

மதரஸாக்களில் ஹனஃபி சட்டம் பயிலும் மாணவர் 'முக்தஸருல் குதூரி' என்னும் நூலை ஓதாமல் மேலே செல்வதில்லை. அதன் ஆசிரியர் பக்தாதில் வாழ்ந்து ஹிஜ்ரி 428இல் (கி.பி. 1037) மறைந்த இமாம் அபுல் ஹுஸைன் அஹ்மத் (ரஹ்). 'குதூர்' என்பது அரபியில் பானைகளைக் குறிக்கும். பானை செய்தல் அல்லது விற்றல் காரணமாக இப்பெயர் வந்தது என்பர். ஓர் ஊரின் பெயரால் வந்தது என்பாரும் உளர். எவ்வாறாயினும், பானையை நினைவூட்டும் ஒரு பெயரை அவர் மறைக்கவில்லை. ஆயிரம் ஆண்டுகளாக மாணவர்கள் அதனை மரியாதையோடு உச்சரித்து வருகின்றனர்.

அவர் ஒருவர் மட்டுமல்லர். வக்ஃபுச் சட்டங்களைத் தொகுத்த இமாம் கஸ்ஸாஃப் (ரஹ்) அவர்களின் பெயருக்குச் செருப்புத் தைப்பவர் என்று பொருள். கலீஃபா முஹ்ததீக்காக வரி குறித்து நூல் எழுதும் அளவுக்கு அரண்மனையில் அவருக்குச் செல்வாக்கு இருந்தது. ஹிஜ்ரி 256இல் கலீஃபா கொல்லப்பட்டபோது அவருடைய வீடும் சூறையாடப்பட்டது. அரண்மனைச் செல்வாக்கு ஒரே நாளில் மறைந்தது. கைத்தொழிலால் உண்டு வாழ்ந்தவர் என்னும் புகழோ இன்றளவும் நிலைத்துள்ளது. ஷாஃபிஈ சட்ட அறிஞர் இமாம் கஃப்பால் அல்மர்வஸீ (ரஹ்) பூட்டுச் செய்யும் தொழிலாளி. ஏறத்தாழ முப்பது வயதில்தான் அவர் கல்வி கற்கத் தொடங்கினார். ஹிஜ்ரி 417இல் மறையும்போது குராஸானின் தலைசிறந்த அறிஞர்களுள் ஒருவராக விளங்கினார். 'கஃப்பால்' என்னும் சொல்லுக்கே பூட்டுச் செய்பவர் என்பதுதான் பொருள்.

இனி, பதவியின் உச்சியில் இருந்த ஒருவரைக் காண்போம். இமாம் கஸ்ஸாலீ (ரஹ்) ஹிஜ்ரி 450இல் (கி.பி. 1058) தூஸ் நகரில் பிறந்தார். அவருடைய தந்தை கம்பளி நூற்று, தம் கடையில் விற்று வாழ்ந்த ஏழை. மகனோ 1091ஆம் ஆண்டு பக்தாதின் நிஜாமிய்யாக் கல்விக்கூடத்தில் தலைமை ஆசிரியரானார். அக்காலத்தில் ஓர் அறிஞர் அடையக்கூடிய மிக உயர்ந்த பதவிகளுள் அதுவும் ஒன்று. ஆனால் நான்கே ஆண்டுகளில் அவருக்கு நா எழவில்லை, உணவும் இறங்கவில்லை. உள்ளத்தில் புகுந்த துயரே நோயின் வேர் என்று கண்ட மருத்துவர்கள் கைவிட்டனர். தாம் கற்பிப்பது அல்லாஹ்வுக்காக அன்று, புகழுக்காகவே என்னும் உண்மை அவரை வாட்டிற்று. 1095இல் அனைத்தையும் துறந்து டமாஸ்கஸ், ஜெரூசலம், மக்கா என்று பயணமானார்.

பிற்காலத்தில் அவர் பாரசீக மொழியில் எழுதிய நூலின் பெயர் 'கீமியாயே ஸஆதத்'. மகிழ்ச்சியின் ரசவாதம் என்பது அதன் பொருள். தாழ்ந்த உலோகத்தைப் பொன்னாக்கும் கலை ரசவாதம். மகிழ்ச்சியைப் பற்றிய அந்நூலில், தொழுகை, நோன்பு ஆகியவற்றோடு பொருளீட்டுதலுக்கும் வணிகத்துக்கும் அவர் தனி இடம் அளித்தார் என்பது நம் சிந்தனைக்குரியது.

தொழில் செய்வோர்க்கு அவர் கூறும் அறிவுரைகள் எளியவை. முதலாவது, நிய்யத். பிறரிடம் கையேந்தாமல் வாழவும், குடும்பத்தைக் காக்கவும் உழைக்கின்றேன் என்று காலையில் எண்ணுதல். இரண்டாவது, தம் தொழில் ஃபர்ளு கிஃபாயா என்று உணர்தல். எல்லாரும் கைத்தொழில்களைக் கைவிட்டால் மக்கள் வாழ்வே சிதைந்துவிடும். ஆகவே ஒருவர் செய்யும் பானை ஊர் முழுவதன் கடமையை நிறைவேற்றுகின்றது. மூன்றாவது, கடைத்தெருவிலும் அல்லாஹ்வை நினைத்தல். நான்காவது, பேராசை கொள்ளாமை. சந்தைக்கு முதல் ஆளாய் நுழைந்து கடைசி ஆளாய் வெளியேறும் வேட்கையை அவர் கண்டிக்கின்றார். இரவு பதினொரு மணிக்கும் கல்லாவை விட்டு எழ மனமில்லாத நமக்கு இது பொருந்தாதா?

இவை அனைத்துக்கும் அடிப்படை நபிவழியே. தன் கையால் உழைத்து உண்பதைவிடச் சிறந்த உணவை எவரும் உண்டதில்லை என்றும், தாவூத் நபி (அலை) தம் கை உழைப்பால் உண்டு வந்தார்கள் என்றும் அண்ணல் நபி (ஸல்) அறிவித்தார்கள். அவர்களே தம் இல்லத்தில் செருப்பைச் செப்பனிட்டதையும் ஆடையைத் தைத்ததையும் அன்னை ஆயிஷா (ரலி) எடுத்துரைத்துள்ளார்கள்.

ஆனால் ஒன்றை மறத்தல் ஆகாது. உழைப்பவரின் மனநிறைவு முதலாளி கூலியைக் குறைப்பதற்குச் சாக்கு அன்று. வியர்வை உலருமுன் கூலி கொடுக்கப் பணித்த மார்க்கம் நம்முடையது. தொழிலாளியின் மகிழ்ச்சியில் பாதி அவருடைய நிய்யத்தில் உள்ளது. மறுபாதி நம் நேர்மையில் உள்ளது.

மனிதனை மட்பாண்டம் போன்ற களிமண்ணிலிருந்து படைத்ததாக அல்லாஹ் ஸூரா அர்ரஹ்மானில் கூறுகின்றான். மண்ணைக் குழைக்கும் கையை இழிவாக நோக்குபவர் தம் மூலத்தையே மறந்தவர் ஆவார். ஆகவே, பெற்றோர்களே! அடுத்த முறை மாப்பிள்ளையின் வேலையைக் கேட்கும்போது, அது ஹலாலானதா, அதனை அவர் செம்மையாகச் செய்கின்றாரா என்று சேர்த்துக் கேளுங்கள். நாம் கூசாவிடில் நம் பிள்ளைகளும் கூசமாட்டார்கள்.

நம் உழைப்பை வணக்கமாகவும், நம் வருவாயைப் பரக்கத்தாகவும், நம் உள்ளங்களை நிறைவுடையனவாகவும் அல்லாஹ் ஆக்கியருள்வானாக! ஆமீன்.