இன்சுலின் பன்றியிலிருந்து வருகிறதா?

"இன்சுலின் பன்றியிலிருந்து எடுப்பதாமே, போட்டுக்கொள்ளலாமா?" என்று இன்றும் நம்மிடம் கேட்கிறார்கள். சிலர் ஊசியை நிறுத்திவிட்டுத்தான் கேட்கவே வருகிறார்கள். கவலை அதுதான்.

ஒரு காலத்தில் இந்தச் சந்தேகத்துக்கு இடமிருந்தது. 1922 ஜனவரியில் கனடாவின் டொராண்டோவில் லியோனார்ட் தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு முதன்முதலில் செலுத்தப்பட்டது மாட்டின் கணையத்திலிருந்து எடுத்த சாறு. அதன் பின் சுமார் அறுபது ஆண்டுகள் உலகம் மாடு, பன்றி ஆகியவற்றின் கணையங்களையே நம்பியிருந்தது. மனித இன்சுலினில் 51 அமினோ அமிலங்கள் உண்டு. மாட்டு இன்சுலின் அதிலிருந்து மூன்று இடங்களில் மாறுபடும். பன்றியினுடையது ஒரே ஒரு இடத்தில்தான். அதனால் பன்றி இன்சுலின் நம் உடலுக்கு அதிகம் ஒத்துப்போனது.

1978-ல் அமெரிக்க விஞ்ஞானிகள் மனித இன்சுலினுக்கான மரபணுவை ஈ.கோலை பாக்டீரியாவுக்குள் வைத்து, அதைக் கொண்டே இன்சுலினை உருவாக்கினார்கள். 1982-ல் அது 'ஹியூமலின்' என்ற பெயரில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 'மனித இன்சுலின்' என்றால் மனித உடலிலிருந்து எடுத்தது என்று பொருளல்ல. அமைப்பு மனிதனுடையது, தயாரிப்பது பாக்டீரியா அல்லது ஈஸ்ட். கிளார்ஜின், அஸ்பார்ட் போன்ற புதிய வகைகளும் இப்படித்தான் தயாராகின்றன. பெட்டியில் 'ஆர்-டிஎன்ஏ' அல்லது 'ரீகாம்பினன்ட்' என்று இருந்தால் அது விலங்கிலிருந்து எடுத்ததல்ல.

1980களில் பன்றி இன்சுலினின் அந்த ஓர் அமினோ அமிலத்தை மட்டும் மாற்றி, அதையும் 'மனித இன்சுலின்' என்றே விற்றார்கள். அன்றைய ஆலிம்கள் தயங்கியதில் நியாயம் இருந்தது. அந்தப் பழைய பதிலை இன்றைய மருந்துக்கும் சொல்வதில் நியாயமில்லை.

பன்றி இன்சுலின் மட்டுமே கிடைக்கும் நிலை வந்தால்? பொருள் முற்றிலும் உருமாறிவிட்டால் சட்டமும் மாறும் என்ற 'இஸ்திஹாலா'வை ஹனஃபி மத்ஹப் விரிவாக ஏற்கிறது. ஷாஃபிஈ மத்ஹபில் அதற்கு இடம் குறைவு. ஆனால் அந்த விவாதம் இங்கே தேவையே இல்லை. நிர்ப்பந்தத்துக்கு ஆளானவர் மீது குற்றமில்லை என்பது அல்பகராவின் 173-வது வசனம் தரும் சட்டம். தூய்மையான மாற்று இல்லாதபோது அசுத்தம் கலந்த மருந்தை ஷாஃபிஈ சட்ட அறிஞர்களும் அனுமதிக்கிறார்கள். டைப் 1 நோயாளிக்கு இன்சுலின் நின்றால் உயிரே போகும். இதைவிடப் பெரிய நிர்ப்பந்தம் எது? ஹராம் என்ற பயத்தில் பிள்ளையின் ஊசியை நிறுத்துவது பேணுதல் ஆகாது.

உண்மையில் கேட்க வேண்டிய இடம் வேறு. இரத்தம் உறையாமல் இருக்கப் போடும் ஹெபாரின் இன்றும் பெரும்பாலும் பன்றிக் குடலிலிருந்துதான் எடுக்கப்படுகிறது. அறுவை சிகிச்சைக்கு முன்பே மருத்துவரிடம் பேசினால், ஃபான்டாபாரினக்ஸ் போன்ற செயற்கை மருந்து பொருந்துமா என்று அவர் பார்த்துச் சொல்வார். பொருந்தாது என்றால் மேலே சொன்ன சட்டமே அதற்கும்.