நினைவகத் திணறல்: பழைய கணினியும் ராம் பற்றாக்குறையும்

நினைவகத் திணறல் என்பது, கணினியில் ஓடும் நிரல்கள் ஒரே நேரத்தில் கேட்கும் நினைவகம் அதில் பொருத்தியிருக்கும் ராமின் அளவைத் தாண்டும்போது உண்டாகும் கடுமையான வேகக்குறைவு. கணினியியலில் இதற்குப் பெயர் த்ராஷிங். பழுது பார்க்கும் கடைக்குக் கணினியைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் ‘சிஸ்டம் ஹேங் ஆகுது’ என்று சொல்வதில் பெரும்பகுதி இதுதான். செயலிக்கு வயதாகிவிட்டது, அதனால் ஓட முடியவில்லை என்று பலரும் நினைக்கிறார்கள். செயலி அப்படித் தேய்வதில்லை. தூசி அடைத்துச் சூடேறாமல் இருந்தால் 2010-இல் ஓடிய வேகத்திலேயே இன்றும் ஓடும். கூடியிருப்பது அதன் தலையில் ஏற்றும் சுமை. அந்தச் சுமை முதலில் முட்டிக்கொள்ளும் இடம் ராம்.

பரணும் அடுப்பு மேடையும்

செயலி எதைத் தொட வேண்டுமானாலும் அது ராமில் இருந்தாக வேண்டும். ராம் அடுப்பு மேடை மாதிரி: கைக்கு எட்டும், இடம் குறைவு. வன்தட்டு பரண்: எவ்வளவு வேண்டுமானாலும் ஏற்றலாம், எடுக்க ஏணி போட வேண்டும். மேடை நிறைந்ததும், கொஞ்ச நேரமாக யாரும் தொடாத சாமான்களை இயங்குதளம் பரணுக்கு அனுப்பிவிட்டு, அந்த இடத்தைப் புதிதாக வந்தவருக்குக் கொடுக்கிறது. இப்படி அனுப்பும் அலகுக்குப் ‘பக்கம்’ என்று பெயர். இன்டெல், ஏஎம்டி செயலிகளில் ஒரு பக்கம் வழக்கமாக 4 கிலோபைட். விண்டோஸ் இவற்றைப் பேஜ்ஃபைல் என்ற கோப்பில் வைக்கிறது; லினக்ஸில் ஸ்வாப் என்ற பகுதி அதற்கென்றே உண்டு. அனுப்பிய பக்கத்தை நிரல் மறுபடி கேட்டால், அது வந்து சேரும்வரை நிரல் நின்று காத்திருக்க வேண்டியதுதான்.

அளவோடு நடக்கும்வரை இது யார் கண்ணிலும் படாது. காலையில் திறந்து மறந்துவிட்ட ஒரு கோப்பு பரணில் கிடந்தால் யாருக்கும் நட்டமில்லை. இப்போதைக்கு வேண்டிய சாமான்களே மேடையில் கொள்ளாமல் போகும்போதுதான் வினை. ஒன்றை இறக்க இன்னொன்றை ஏற்ற வேண்டும். ஏற்றியது அடுத்த கணமே வேண்டியிருக்கும். சமையல் நின்றுபோய் ஏணியில் ஏறி இறங்குவதே வேலையாகிவிடும்.

ஏணியில் ஏற எவ்வளவு நேரம் என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பழைய மடிக்கணினிகளின் வன்தட்டு நிமிடத்துக்கு 5,400 முறை சுழலும்; அதாவது நொடிக்கு 90 சுற்று. வேண்டிய இடம் படிப்பு முனைக்குக் கீழே வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்று, 5.6 மில்லி நொடி. முனை அந்தத் தடத்துக்கு நகர்ந்து வர இன்னொரு 12 மில்லி நொடி அளவில் ஆகும். ஆக, சிதறிக் கிடக்கும் பக்கங்களை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்தால் நொடிக்குச் சுமார் 60 பக்கம் கிடைக்கும், ஏறக்குறைய 240 கிலோபைட்தான். 100 மெகாபைட்டை இப்படித் திரட்ட ஏழு நிமிடம் ஆகும். இயங்குதளம் அக்கம்பக்கத்துப் பக்கங்களைச் சேர்த்து அள்ளிவருவதால் நடைமுறையில் இவ்வளவு மோசமாகப் போவதில்லை. ஆனாலும் சுருக்கிவைத்த உலாவியை மறுபடி திறந்தால் ஏன் அரை நிமிடம் வெள்ளைத் திரை நிற்கிறது என்பதற்கு விடை இங்கேதான் இருக்கிறது. இன்னொரு விதமாகவும் பார்க்கலாம். ராமிலிருந்து எடுக்க ஆகும் சுமார் 100 நானோ நொடியை ஒரு நொடி என்று வைத்துக்கொண்டால், சுழலும் தட்டே இல்லாத எஸ்எஸ்டி சேமிப்பகத்திலிருந்து எடுக்கக் கால் மணி நேரத்துக்குச் சற்று மேலே ஆகும். சுழலும் வன்தட்டில் கிட்டத்தட்ட இரண்டு நாள்.

1962 முதல்

பரண் ஏற்பாடு புதிதல்ல. இங்கிலாந்தின் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் டாம் கில்பர்ன் தலைமையில் உருவாகி 1962-இல் இயங்கத் தொடங்கிய அட்லஸ் கணினியில் காந்த உள்ளக நினைவகம் 16,384 சொல் மட்டுமே கொண்டது. பக்கத்தில் 98,304 சொல் கொள்ளும் காந்த உருளை இருந்தது. இரண்டையும் 512 சொல் கொண்ட பக்கங்களாகப் பிரித்து, நிரல் எழுதுகிறவருக்கு எல்லாமே ஒரே பெரிய நினைவகமாகத் தெரியும்படி செய்தார்கள். இன்றைய மெய்நிகர் நினைவகத்தின் வேர் இது.

எந்தப் பக்கத்தை வெளியே அனுப்புவது? ஐபிஎம்-இல் பணியாற்றிய லாஸ்லோ பெலாடி 1966-இல் இதற்கு மிகச் சிறந்த விதியைத் தந்தார்: இனி மிகத் தாமதமாகத் தேவைப்படப் போகும் பக்கத்தை அனுப்ப வேண்டும். கணினிக்கு ஜோசியம் தெரியாது என்பதால், கடந்த சில கணங்களில் தொடாததை அனுப்புவது என்ற தோராய விதியில்தான் எல்லா இயங்குதளங்களும் காலம் தள்ளுகின்றன.

திணறலை முதலில் சரியாக விளக்கியவர் அமெரிக்கரான பீட்டர் டென்னிங். ஒரு நிரல் அண்மைக் காலத்தில் உண்மையாகவே தொட்டுக்கொண்டிருக்கும் பக்கங்களை அதன் ‘வேலைத் தொகுதி’ என்று 1968-இல் வரையறுத்தார். ஓடும் நிரல்களின் வேலைத் தொகுதிகளைக் கூட்டினால் ராமுக்குள் அடங்க வேண்டும். அடங்காவிட்டால் வேகம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையாது, சட்டென்று சரிந்து விழும். அவர் கண்ட தீர்வு, சேர்ந்து ஓடும் நிரல்களின் எண்ணிக்கையைக் குறைப்பது. அறுபது ஆண்டு நெருங்கியும் ‘நாலு டேபை மூடுங்க சார்’ என்று மெக்கானிக் சொல்வதும் அதையேதான்.

திணறல்தானா என்று கண்டறிதல்

சுட்டி அம்பு விட்டுவிட்டு நகரும். தட்டச்சிட்ட எழுத்து மூன்று நொடி கழித்து மொத்தமாக வந்து விழும். வன்தட்டு விளக்கு அணையாமல் எரியும். காதை வைத்தால் உள்ளே கொறிக்கிற சத்தம் கேட்கும். விண்டோஸில் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். மெமரி 90 விழுக்காட்டைத் தாண்டி, டிஸ்க் 100-ஐத் தொட்டுக்கொண்டிருக்க, சிபியு மட்டும் சும்மா கிடந்தால் திணறல் என்று ஏறக்குறைய முடிவு செய்துவிடலாம். அங்கேயே ‘கமிட்டட்’ என்ற எண் பொருத்திய ராமை எவ்வளவு தாண்டியிருக்கிறது என்று பார்த்தால் பற்றாக்குறையின் அளவும் தோராயமாகப் பிடிபடும்.

லினக்ஸில் ‘ஃப்ரீ’ கட்டளையைக் கொடுத்துவிட்டு ஃப்ரீ பத்தியில் சிறு எண்ணைக் கண்டு பதறுகிறவர்கள் உண்டு. பார்க்க வேண்டியது ‘அவெய்லபிள்’ பத்தியை. சும்மா இருக்கும் ராமில் இயங்குதளம் அண்மையில் படித்த கோப்புகளை வைத்திருக்கும். யாராவது கேட்டால் உடனே காலி செய்துகொடுத்துவிடும். காலியாகக் கிடக்கும் ராமால் ஒரு பயனும் இல்லை.

மெமரி பாதிதான் நிறைந்திருக்கிறது, டிஸ்க் மட்டும் 100-இல் நிற்கிறது என்றால் வன்தட்டே சாகக் கிடக்கலாம். அப்போது முதல் வேலை கோப்புகளைப் படியெடுப்பது. வேகத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

சுமையைக் குறைத்தல்

பழைய கணினியில் ராமை அதிகம் தின்பது உலாவி. 2008-இல் வெளிவந்த கூகுள் குரோம் தாவல்களைத் தனித்தனிச் செயல்முறைகளாகப் பிரித்து ஓட்டியது. ஒரு தாவல் விழுந்தாலும் மற்றவை பிழைத்தன. 2018-இல் பாதுகாப்புக்காக வெவ்வேறு தளங்களையும் பிரித்துவைத்தார்கள். இரண்டும் நல்ல காரணத்துக்காகச் செய்தவை, இரண்டுக்கும் விலை ராம். விளம்பரத் தடுப்பு நீட்சி ஒன்றைப் போட்டாலே, விளம்பரம் மண்டிய செய்தித் தளங்களில் சுமை கண்கூடாகக் குறையும். பார்க்காத தாவலைத் தூங்கவைக்கும் வசதி இன்றைய உலாவிகளிலேயே இருக்கிறது.

அடுத்தது, கணினியோடு சேர்ந்து தானாக எழுந்துகொள்ளும் நிரல்கள்: அச்சுப்பொறியோடு வந்த உதவி நிரல், மேகச் சேமிப்பு, எப்போதோ ஒருமுறை பேசிய வீடியோ அழைப்புச் செயலி. டாஸ்க் மேனேஜரின் ஸ்டார்ட்அப் பகுதியில் இவற்றை நிறுத்தலாம். ஒன்றுக்கு இரண்டாக வைரஸ் தடுப்பு மென்பொருள் போட்டிருந்தால் ஒன்றை எடுத்தே ஆக வேண்டும். சாளர நிழல், அசைவு அலங்காரங்களை அணைப்பதால் ராமில் மிச்சமாவது சொற்பம்.

இயங்குதளத்தையே மாற்றுவது பெரிய வைத்தியம். 2 ஜிபி ராம் உள்ள கணினியில் 64-பிட் விண்டோஸ் 10 எழுந்து நிற்பதற்குள் பாதிக்கு மேல் போய்விடும். அதே கணினியில் எக்ஸ்எஃப்சிஇ, எல்எக்ஸ்க்யூடி போன்ற எளிய மேசைச்சூழலோடு வரும் லினக்ஸ் அதில் சிறு பங்கில் எழுந்துவிடும். ஆஸ்திரேலியாவில் பாரி கௌலர் 2003-இல் தொடங்கிய பப்பி லினக்ஸ் தன்னை முழுவதுமாக ராமில் ஏற்றிக்கொண்டு, வன்தட்டு இல்லாமலே ஓடும் அளவுக்குச் சிறியது. தமிழ்நாட்டில் 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் மாணவர்களுக்குக் கொடுத்த கணினிகளிலும் சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இருந்தது. ஆனால் உலாவி எந்த இயங்குதளத்திலும் உலாவிதான். இயங்குதளம் மிச்சப்படுத்தியதை இரண்டு வீடியோத் தாவல்கள் திரும்ப வாங்கிக்கொள்ளும்.

பொய்யான மருந்தும் மெய்யான மருந்தும்

விண்டோஸ் 95 வந்தபோது ராம் விலை கடுமையாக இருந்தது. அந்த இயங்குதளம் குறைந்தது 4 மெகாபைட் கேட்டது, மனம் நிறைந்து ஓட 8 வேண்டும். அதே 1995-இல் சிங்க்ரானிஸ் என்ற அமெரிக்க நிறுவனம் சாஃப்ட்ராம் 95 என்ற மென்பொருளை விற்றது. ராமில் உள்ளதைச் சுருக்கி, 4-ஐ 8 ஆக்கித் தருவதாக வாக்கு. மக்கள் அள்ளிக்கொண்டு போனார்கள். பிரித்துப் பார்த்த வல்லுநர்கள் உள்ளே சுருக்கும் வேலையே நடக்கவில்லை என்று கண்டார்கள். பரணின் அளவைக் கூட்டிக் காட்டியதோடு சரி. அமெரிக்காவின் மத்திய வணிக ஆணையம் தலையிட்டது, சரக்கைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று.

வேடிக்கை என்னவென்றால் அந்த யோசனை சரியானது. ஒரு பக்கத்தைச் சுருக்கி ராமிலேயே ஓரமாக வைக்கச் சில மைக்ரோ நொடிகள் போதும், வன்தட்டுக்கு அனுப்பி எடுப்பதைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் சிக்கனம். 2013-இல் ஆப்பிளின் மேவரிக்ஸ் இயங்குதளம் இதைச் செய்தது. 2014-இல் இதே வேலையைச் செய்யும் இசட்ராம் லினக்ஸ் கருவின் முழு உறுப்பானது. 2015-இல் விண்டோஸ் 10 பின்தொடர்ந்தது. 2020-இல் வந்த ஃபெடோரா 33 முதல் அந்த விநியோகத்தில் இசட்ராம் இயல்பாகவே இயங்குகிறது. வழக்கமான பக்கங்கள் பாதியாகவோ மூன்றில் ஒரு பங்காகவோ சுருங்குவதால், 2 ஜிபி கணினி ஏறக்குறைய 3 ஜிபி கணினிபோல் நடந்துகொள்ளும். காசு செலவில்லாத வழிகளில் முதலிடம் இதற்கே தரலாம். ஏற்கெனவே சுருக்கப்பட்ட படம், காணொளி ஆகியவற்றில் மட்டும் இதற்குப் பிடி கிடைக்காது.

‘ராம் பூஸ்டர்’, ‘ராம் கிளீனர்’ வகையறா இன்னும் கிடைக்கின்றன. பொத்தானை அழுத்தியதும் ஓடும் நிரல்களின் பக்கங்களை வலுக்கட்டாயமாகப் பரணுக்குத் துரத்தும். காலி இடம் பெரிதாகத் தெரியும். துரத்தியவற்றை அடுத்த சொடுக்கிலேயே ஏணி போட்டு இறக்க வேண்டியிருக்கும். விண்டோஸ் விஸ்டாவோடு வந்த ரெடிபூஸ்ட் இந்த ரகமல்ல. பென்டிரைவைத் தற்காலிகச் சேமிப்பாகப் பயன்படுத்தும் அந்த வசதி 512 மெகாபைட் காலத்துக் கணினியில் உதவியது. எஸ்எஸ்டி இருந்தால் அதற்கு வேலையில்லை.

திருகாணியைக் கழற்றினால்

ராம் வாங்கும் முன் மூன்றைப் பார்க்க வேண்டும். முதலாவது தலைமுறை: டிடிஆர்2, டிடிஆர்3, டிடிஆர்4 மூன்றிலும் வெட்டுப்பள்ளம் வெவ்வேறு இடத்தில் இருக்கும், ஒன்றின் பொந்தில் மற்றது உட்காராது. அழுத்தி உட்காரவைக்க முயன்றால் பொந்து உடையும். டிடிஆர்3-இலும் 1.35 வோல்ட் மட்டுமே ஏற்கும் கணினிகள் உண்டு; 1.5 வோல்ட் ராமைப் போட்டால் எழாமல் போகலாம். இரண்டாவது, தாய்ப்பலகையும் செயலியும் ஏற்கும் உச்சவரம்பு: இன்டெல் ஆட்டம் என்450 பொருத்திய நெட்புக்கில் 2 ஜிபி-க்கு மேல் போட வழியில்லை. மூன்றாவது, இயங்குதளத்தின் வரம்பு: 32-பிட் விண்டோஸில் 4 ஜிபி போட்டாலும் மூன்று, மூன்றேகால்தான் கணக்கில் வரும், விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர் 2 ஜிபி-யோடு நின்றுவிடும். பழைய தலைமுறை ராம் இப்போது பெரும்பாலும் கைமாறியதாகத்தான் கிடைக்கும். சென்னை ரிச்சி தெரு போன்ற சந்தைகளில், போட்டு ஓட்டிக் காட்டச் சொல்லி வாங்குவது நல்லது.

ராமைக் கழற்றிப் பொன்னிறப் பற்களை அழிரப்பரால் துடைத்துப் போடுவது நம் ஊர் மெக்கானிக்குகளின் கைவைத்தியம். பீப் பீப் என்று கத்திக்கொண்டு திரை வராமல் நிற்கும் கணினிக்கு இது பலமுறை பலிக்கும். பற்களில் படிந்த கறை போய்த் தொடர்பு சரியாகும். வேகத்தை இது கூட்டாது. மின்னிணைப்பையும் பேட்டரியையும் எடுத்துவிட்டு, ஓர் இரும்புப் பொருளைத் தொட்டு உடலின் நிலைமின்னைப் போக்கிக்கொண்டு செய்ய வேண்டும்.

ராமைக் கூட்ட வழியில்லாத கணினிக்கு எஸ்எஸ்டி-தான் கதி. கூட்ட முடிந்தாலும் இதை முதலில் செய்யலாம் என்பதே இக்கட்டுரையாளரின் கட்சி. திணறலை அது நீக்காது. முன்பு போட்ட கணக்கில் வந்த இரண்டு நாளைக் கால் மணி நேரமாக்கும். கணினி எழுவது, கோப்பு திறப்பது எல்லாமே உடன் வேகம் பெறும். பழைய சாட்டா 2 இணைப்பு நொடிக்கு 300 மெகாபைட் வரைதான் விடும் என்றாலும், சிதறிய பக்கங்களை எடுப்பதில் அது தடையாக இருப்பதில்லை. ஸ்வாப் எழுதி எழுதி எஸ்எஸ்டி சீக்கிரம் தேய்ந்துவிடும் என்ற பயம் வீட்டுப் பயன்பாட்டில் மிகை.

விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. விண்டோஸ் 11 குறைந்தது 4 ஜிபி ராமும், 64-பிட் செயலியும், டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சில்லும் கேட்கிறது. 32-பிட் செயலி மட்டும் உள்ள கணினிகளை லினக்ஸ் விநியோகங்களும் ஒவ்வொன்றாகக் கைவிடுகின்றன. 2025-இல் வந்த டெபியன் 13-இல் அவற்றுக்கான நிறுவி இல்லை. 1 ஜிபி ராமோடு நிற்கும் அத்தகைய கணினியில் கடிதம் தட்டச்சிடலாம், கணக்கு எழுதலாம், பாட்டுக் கேட்கலாம், அச்சுப்பொறியை ஓட்டலாம். இணையத்தை மட்டும் கைபேசியிடம் விட்டுவிட வேண்டும்.