சொல்லும் பொருளும் களஞ்சியமும்: ‘கேம்டொக்’ என்னும் கலைச்சொல் பற்றிய ஒரு குறிப்பு

ஒரு சொல் கலைக்களஞ்சியத்தில் தனித் தலைப்பாக இடம்பெறுவதற்குரிய தகுதி யாது? சிறியதாகத் தோன்றும் இவ்வினாவைத் தொலைக்காட்சி ஆய்வுகளில் வழங்கும் ‘கேம்டொக்’ என்னும் சொல்லை முன்வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். விளையாட்டு, ஆவணப்படம் ஆகியவற்றுக்குரிய ஆங்கிலச் சொற்களை ஒட்டி ஆக்கப்பட்ட இது, சாதாரண மனிதரை ஓரிடத்தில் ஒருங்கே தங்கவைத்து, அவர்தம் நடத்தையைக் கமராவிற் பதிந்து, ஒருவர்பின் ஒருவராக வெளியேற்றி, எஞ்சுபவர்க்குப் பரிசளிக்கும் நிகழ்ச்சி வகையைச் சுட்டுவது. ஆய்வாளர் சிலரன்றிப் பிறர் பெரிதும் வழங்காத இச்சொல்லுக்குத் தனிப்பதிவு வேண்டுவதில்லை என வாதிடலாம். ஆய்வு நூல்களில் இடம்பெற்றமையே போதிய சான்று எனவும் வாதிடலாம். இரு வாதங்களும் சொல்லின் வழக்கை அளக்கின்றனவே தவிர, அது குறிக்கும் சமூக உறவை நோக்குவனவல்ல என்பது எமது கருத்து.

எது பதிவுக்குரியது என்னும் தீர்ப்பு காலத்துக்கும் வர்க்கத்துக்கும் அப்பாற்பட்டதாய் இருந்ததில்லை. 1751 தொடக்கம் 1772 வரை டிடறோவின் முதன்மைப் பொறுப்பில் வெளிவந்த பிரெஞ்சுக் கலைக்களஞ்சியம் 17 பாடத் தொகுதிகளையும் 11 படத் தொகுதிகளையும் கொண்டது. இறையியலும் மெய்யியலும் பேசப்பட்ட அதே நூலிற் காலுறை பின்னும் பொறி பற்றிய நீண்ட கட்டுரையொன்றும் இடம்பெற்றது. அதனை எழுதியவர் டிடறோவே. பட்டறைச் சொற்கள் அறிவுலகிற் புகுந்தமைக்கு, நிலமானிய அமைப்பினுள் எழுச்சிபெற்றுவந்த புதிய வர்க்கத்தின் உற்பத்தி நாட்டம் முக்கிய காரணமாயிற்று. ஆயினும் டிடறோ கருவிகளின் பெயர்களை அடுக்குவதோடு அமைந்தாரல்லர். பொறி இயங்குமாற்றை விளக்கினார். பெயரைக் கூறுவது அகராதியின் பணி. இயக்கத்தை விளக்குவது களஞ்சியத்தின் பணி.

தமிழிலும் இவ்வேறுபாடு மனங்கொள்ளத் தக்கது. மானிப்பாய் ஆ. முத்துத்தம்பிப்பிள்ளையின் ‘அபிதானகோசம்’ (1902), ஆ. சிங்காரவேலு முதலியாரின் ‘அபிதான சிந்தாமணி’ (1910) ஆகியன பெரும்பாலும் புராண இதிகாச மாந்தர், புலவர், அரசர், தலங்கள் என்பவற்றையே பதிவுக்குரியனவாகக் கொண்டன. பெ. தூரனை முதன்மை ஆசிரியராகக் கொண்டு 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வெளிவந்த ‘கலைக்களஞ்சியம்’ அறிவியலையும் தொழில்நுட்பத்தையும் உள்ளடக்கிற்று. தகுதிக்கான அளவுகோல் வரலாற்றால் மாறுவது என்பதற்கு இவையே சான்று.

இனி, எமது சொல்லுக்கு வருவோம். சூசன் மறே, லோறி ஊலெற் ஆகியோர் 2004இற் பதிப்பித்த கட்டுரைத் தொகுப்பொன்றில் நிக் கோல்ட்றி இச்சொல்லைக் கையாண்டு, இந்நிகழ்ச்சிகளைச் சடங்குகளாக நோக்கினார். அதற்கு முன்னரே அது குறிக்கும் பொருள் உலகெங்கும் பரவிவிட்டது. சுவீடனில் 1997இல் ‘எக்ஸ்பெடிசன் றொபின்சன்’, ஒல்லாந்தில் 1999இல் ‘பிக் பிறதர்’, ஐக்கிய அமெரிக்காவில் 2000இல் ‘சர்வைவர்’ ஆகியன ஒளிபரப்பாயின. ‘சர்வைவர்’ முதற்றொடரிற் பதினாறு பேர் 39 நாட்கள் பத்து இலட்சம் டொலர் பரிசுக்குப் போட்டியிட்டனர். இறுதி நிகழ்ச்சியை ஏறத்தாழ ஐந்து கோடிப் பேர் பார்த்தனர். ‘பிக் பிறதர்’ 2006இல் இந்தியிலும் 2017இல் தமிழிலும் ‘பிக் பாஸ்’ என்னும் பெயரில் வந்து சேர்ந்தது. ஈண்டு நாடுவிட்டு நாடு விற்கப்படுவது முடிந்த நிகழ்ச்சியன்று. நிகழ்ச்சியை ஆக்கும் முறையே பண்டமாகி, உரிமக் கட்டணத்துக்கு விற்கப்படுகின்றது.

இதன் பொருளாதாரப் பின்னணியைத் தேடுவோர் அமெரிக்க எழுத்தாளர் சங்கம் 1988இல் ஐந்து மாதங்கள் நடத்திய வேலைநிறுத்தத்தைச் சுட்டுவர். மறு ஆண்டு ‘கொப்ஸ்’ என்னும் பொலிஸ் நிகழ்ச்சி எழுத்தாளரும் நடிகருமின்றி ஒளிபரப்பாயிற்று. மலிவான உழைப்பை நாடும் மூலதனத்தின் போக்கு இங்குத் தெளிவு. எனினும் அனைத்தையும் அவ்வேலைநிறுத்தத்தின் விளைவாகக் கொள்வது இயந்திரப்பாங்கான விளக்கமாகிவிடும். சுவீடனில் இவ்வகையை முதலில் ஒளிபரப்பியது பொதுத்துறை நிறுவனம் என்பதை மறத்தலாகாது. பொருளாதாரத் தேவை வாயிலைத் திறந்தது. எவ்வடிவம் உட்புகுந்தது என்பதை அவ்வந்நாட்டு ஒளிபரப்பு வரலாறு கொண்டே விளக்குதல் வேண்டும்.

வினாவிடைப் போட்டியிற் பங்குபற்றுபவர் சிறிதுநேரம் தமது அறிவைக் காட்டிச் செல்கின்றார். இங்கோ உறக்கமும் ஊடலும் அழுகையும் கச்சாப்பொருளாகின்றன. பரிசு ஒருவர்க்கு, நிகழ்ச்சியோ அனைவரது வாழ்நேரத்தாலும் ஆக்கப்படுவது. ‘சபலத் தீவு’ எனப் பொருள்படும் பெயர்கொண்ட பிரெஞ்சு நிகழ்ச்சியின் பங்குபற்றுநர் தொடுத்த வழக்கில், அந்நாட்டின் உயர் மேன்முறையீட்டு மன்று 2009 ஜூன் 3ஆந் திகதி அவர்கள் தொழில் ஒப்பந்தத்துக்குட்பட்டோர் எனத் தீர்ப்பளித்தது. விழிக்கும் நேரமும் உறங்கும் நேரமும் விதிக்கப்பட்டிருந்தமை, இடத்தைவிட்டு நீங்கவும் வெளியுலகோடு தொடர்புகொள்ளவும் தடை இருந்தமை ஆகியன கருத்திற் கொள்ளப்பட்டன. அந்நிகழ்ச்சி பரிசுப் போட்டியன்று. ஆயினும் அத்தீர்ப்பு எழுப்பும் வினா போட்டி நிகழ்ச்சிகளுக்கும் பொருந்துவதே.

இந்நிலையில் ‘கேம்டொக்’ என்னும் சொல்லின் இரு பகுதிகளையும் மீள நோக்குவோம். விளையாட்டு என்பது உழைப்பை மறைக்கின்றது. ஆவணம் என்பதோ தெரிவுசெய்தல், வெட்டியொட்டல் முதலாய ஆக்கச் செயல்களை மறைக்கின்றது. ஆய்வுக்கென வழங்கும் சொல்லும் ஆளும் கருத்துநிலையின் சாயலைத் தாங்கி நிற்றலை இங்குக் காண்கிறோம்.

ஆகவே, இச்சொல்லுக்குத் தனிப்பதிவு இன்று வேண்டுவதில்லை என்பதே எமது முடிபு. சொல் அகராதியில் இடம்பெறட்டும். களஞ்சியத்தில் அது மெய்ந்நிகழ்ச்சித் தொலைக்காட்சி பற்றிய பெருங்கட்டுரைக்கு வாசகரை ஆற்றுப்படுத்தும் குறிப்பாக அமையட்டும். ஆனால் அப்பெருங்கட்டுரை நிகழ்ச்சிப் பெயர்களையும் வெற்றியாளர் பட்டியலையும் தருவதோடு நின்றுவிடலாகாது. உரிமம் எவ்வாறு விற்கப்படுகின்றது, யார் உழைக்கின்றனர், எந்த ஒப்பந்தத்தின் கீழ் உழைக்கின்றனர் என்பனவற்றை டிடறோ காலுறைப் பொறியை விளக்கியவாறு விளக்குதல் வேண்டும். தமிழில் அத்தகைய கட்டுரையை எழுதும் பொறுப்பு பல்கலைக்கழக ஆய்வாளராகிய எம்மையும் சார்ந்ததாகும்.