வெடிக்காத குண்டுகளும் வரலாற்றுக் கல்வியும்: கெலாங் பாத்தா வட்டாரத்தை முன்வைத்து

முன்னுரை

மலாயாவின் போர்க்கால வரலாற்றைக் கற்பிக்கும்போது 1941 டிசம்பர் 8இல் ஜப்பானியர் கோத்தா பாருவில் தரையிறங்கியதில் தொடங்கி, 1945இல் அவர்கள் சரணடைந்ததோடு முடித்துக்கொள்வது நம் வழக்கம். ஆயினும் ஏவப்பட்டும் வெடிக்காமல் மண்ணில் புதைந்த குண்டுகளுக்கு அந்த முடிவு நாள் பொருந்தாது. இவற்றை அறிந்து விலகி நடப்பதும் வரலாற்றுக் கல்வியின் ஒரு பகுதியே என்பதை, ஜொகூரின் தென்மேற்கில் அமைந்த கெலாங் பாத்தா வட்டாரத்தை முன்வைத்து விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இரு கரைகளிலிருந்தும் வந்த குண்டுகள்

கெலாங் பாத்தா வட்டாரம் ஜொகூர் நீரிணைக்கு அப்பால் சிங்கப்பூரின் மேற்குப் பகுதியை நோக்கியிருப்பது. 1942 ஜனவரி 31இல் பின்வாங்கிய நேசநாட்டுப் படையினர் கடற்பாலத்தைத் தகர்த்தனர். பிப்ரவரி 8ஆம் நாள் இரவு, ஜப்பானியரின் 5ஆம், 18ஆம் படைப்பிரிவுகள் ஜொகூரின் மேற்குக் கரைப்பகுதியிலிருந்து படகுகளில் நீரிணையைக் கடந்தன. எதிர்க்கரையைக் காத்து நின்றது 22ஆம் ஆஸ்திரேலியப் படையணி. கடப்பதற்கு முன் ஜப்பானியர் கடுமையாகப் பீரங்கித் தாக்குதல் நடத்தினர். சிங்கப்பூரிலிருந்தும் ஜொகூரை நோக்கிக் குண்டுகள் பாய்ந்தன. பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தது.

இங்கு ஒரு செய்தியை நாம் கருத வேண்டும். 1935இல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் வெள்ளிவிழாவையொட்டி ஜொகூர் சுல்தான் இப்ராஹிம் 5,00,000 பவுன் அன்பளித்தார். அதன் பெரும்பகுதி சிங்கப்பூர்க் கடற்கரைப் பாதுகாப்புக்குச் செலவிடப்பட்டது. சாங்கியில் நிறுவப்பட்ட 15 அங்குலப் பீரங்கித் தளம் அதனாலேயே 'ஜொகூர் பீரங்கித் தளம்' என்று பெயர் பெற்றது. 1942இல் அத்தளத்தின் பீரங்கிகள் ஜொகூர் பாருவைச் சூழ்ந்த இலக்குகளை நோக்கியே திருப்பப்பட்டன. அங்கு இருப்பில் இருந்தவற்றுள் பெரும்பாலானவை போர்க்கப்பலின் கவசத்தைத் துளைப்பதற்கென வடிக்கப்பட்ட குண்டுகள். இரும்புத் தகட்டைத் துளைத்துச் சற்றுப் பின்னரே வெடிக்குமாறு அமைந்தமையால், அவை மென்மையான மண்ணில் ஆழப் புதையும் இயல்பின. எனவே ஜொகூர் மண்ணில் கிடைக்கும் பழைய குண்டு எதிரியினுடையதாகவே இருக்க வேண்டும் என்பதில்லை.

வெடி பொய்ப்பது ஏன்?

மழை பொய்த்தது என்பதைப் போல வெடி பொய்த்தது என்றும் கூறலாம். ஆனால் பொய்த்த வெடி இல்லாத வெடி ஆகாது. 'பியூஸ்' எனப்படும் தூண்டுகருவியைப் பாதுகாப்புத் தடைகள் கட்டி வைத்திருக்கும். பல வகைப் பீரங்கிக் குண்டுகளில், ஏவப்படும்போது உண்டாகும் அதிர்ச்சியும் சுழற்சியும் அத்தடைகளை விடுவிக்கின்றன. அதன்பின் குண்டு எதிர்பார்த்திருப்பது மோதலை மட்டுமே. சதுப்பிலும் கண்டல் சேற்றிலும் விழுந்து மோதல் வலுவற்றதானால் அது வெடிக்காமற் போகலாம். இவ்வாறு கிடக்கும் குண்டு, பெட்டியில் அடைத்து வைக்கப்பட்ட புதிய குண்டைவிட ஆபத்தானது. அதன் தடைகள் ஏற்கெனவே விலகிவிட்டன. மிகச் சிறிய அசைவும் அதற்குப் போதுமானதாகலாம்.

தீபாவளிப் பட்டாசில் பெற்ற பட்டறிவு இங்கு நம்மை ஏமாற்றும். நமத்த வெடி வெடிக்காது என்பதும், வெடிக்காத பட்டாசின் மேல் நீர் ஊற்ற வேண்டும் என்பதும் நம் இல்லங்களில் சொல்லப்படுபவை. கருமருந்தில் உள்ள வெடியுப்பு நீரில் கரைவதால் அவ்வறிவுரை பட்டாசுக்குப் பொருந்துகிறது. டி.என்.டி. நீரில் ஏறத்தாழக் கரைவதில்லை. பல பத்தாண்டுகள் ஈரத்தில் கிடந்தும் ஆற்றலை இழப்பதில்லை. ஜப்பானியர் பயன்படுத்திய பிக்ரிக் அமிலமோ ஈயம், செம்பு முதலிய உலோகங்களுடன் வினைபுரிந்து, தன்னினும் எளிதில் வெடிக்கும் உப்புகளை உண்டாக்கக் கூடியது. துரு ஏறுவது குண்டு செத்துவிட்டதற்கு அடையாளமன்று.

துப்பாக்கித் தோட்டாவுக்கும் இந்நெறி பொருந்தும். விசையை இழுத்தும் வெடிக்காத தோட்டா சில நொடிகள் தாமதித்து வெடிக்கக் கூடும். ஆகவே குழலைப் பாதுகாப்பான திசையிலேயே நிறுத்தி, குறைந்தது அரை நிமிடமேனும் காத்திருந்த பின்னரே தோட்டாவை அகற்றுவது சுடுதளங்களில் கற்பிக்கப்படும் வழக்கம். அதனை மீண்டும் சுட முயல்வதும், கருவி கொண்டு பிரித்துப் பார்ப்பதும் உயிருக்கு உலை வைக்கும்.

மண் கிளறப்படும் காலம்

கெலாங் பாத்தா இன்று பழைய தோட்டப்புறமாக மட்டும் இல்லை. 1998இல் மலேசியா–சிங்கப்பூர் இரண்டாம் இணைப்புப் பாலம் திறக்கப்பட்டது. 1999இல் தஞ்சோங் பெலெப்பாஸ் துறைமுகம் இயங்கத் தொடங்கியது. 2006இல் இஸ்கந்தர் மேம்பாட்டு வட்டாரம் உருவாயிற்று. பால்மரம் வெட்டியோரும் செம்பனை நட்டோரும் மண்ணை மேலோட்டமாகவே கிளறினர். கட்டுமான இயந்திரங்களோ ஆழத் தோண்டுகின்றன.

நீரிணைக்கு அப்பால் நிகழ்ந்த ஒன்று இதற்குச் சான்றாகும். 2023 செப்டம்பர் 20இல் சிங்கப்பூரின் அப்பர் புக்கித் தீமா கட்டுமானத் தளம் ஒன்றில் 100 கிலோகிராம் எடையுள்ள போர்க்கால வெடிகுண்டு கண்டெடுக்கப்பட்டது. அதனை இடம் பெயர்ப்பது ஆபத்து என முடிவு செய்யப்பட்டது. 4,000க்கும் மேற்பட்டோர் வெளியேற்றப்பட்டபின், செப்டம்பர் 26இல் அது அங்கேயே வெடிக்கச் செய்யப்பட்டது. எண்பது ஆண்டுகளுக்குப் பின்னும் வெடிக்கும் ஆற்றல் அதனிடம் இருந்தது.

தமிழில் இவ்வறிவு

தமிழில் இவ்வறிவை எடுத்துரைக்கும் சொல்வளம் ஈழத்தில் துன்பத்தினூடே வளர்ந்தது. எறிகணை, கண்ணிவெடி, மிதிவெடி, வெடிக்காத வெடிபொருள் ஆகிய சொற்கள் இலங்கையின் வட, கிழக்கு மாகாணங்களில் பள்ளிச் சிறுவரும் அறிந்தவை. 2009இல் போர் முடிந்த பின்னும் அங்கே அகற்றும் பணி நீடித்தது; அப்பணியில் தமிழ்ப் பெண்கள் பலரும் ஈடுபட்டனர். அவ்விடர்க்கல்வியின் சாரம் எளியது: தொடாதே, நெருங்காதே, வந்த வழியே திரும்பிச் சென்று உரியவரிடம் அறிவி. மலேசியாவில் அறிவிக்க வேண்டிய எண் 999. அழிக்கும் பணி அரச மலேசியக் காவல்துறையின் வெடிகுண்டு அழிப்புப் பிரிவினருக்கு உரியது. பழைய இரும்பெனக் கருதி எடைக்குப் போடுவதும், நினைவுப் பொருளாக வீட்டில் வைப்பதும், குப்பையோடு சேர்த்து எரிப்பதும் தவிர்க்கப்பட வேண்டும்.

முடிவுரை

புதைந்த குண்டு ஒரு வரலாற்றுச் சான்றும் ஆகும். அது கிடக்கும் இடமும் ஆழமும் கிடக்கும் திசையும், எங்கிருந்து எவர் ஏவினர் என்பதை அறிய உதவும். அதனைக் கையால் எடுப்பவர் அச்சான்றையும் அழிக்கிறார், தம் உயிரையும் பணயம் வைக்கிறார். 1942ஐக் கற்பிக்கும் ஆசிரியர் பாடத்தின் இறுதியில் ஐந்து நிமிடங்களை இதற்கென ஒதுக்குவாராயின், மாணவர் போரை ஆண்டுக் கணக்காக மட்டுமன்றித் தாம் நடக்கும் மண்ணோடு சேர்த்தும் அறிவர். இணைப்பாட நடவடிக்கையிலும் இதனைச் சேர்க்கலாம் என்பது நம் பரிந்துரை.